புது கூலர் மாட்டியதும் சிபியு 100 டிகிரி. பழைய கூலரில் 86தான் இருந்தது

கணிமேசை

வணக்கம் நண்பர்களே. இரண்டு நாளாக இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறேன், விடை கிடைக்கவில்லை.

என்னிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ7-13700கே. ஒன்றரை வருடமாக ஒற்றைக் கோபுர ஏர் கூலரில் ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டர் போட்டால் விசிறிச் சத்தம் காதைக் குடைகிறது என்று, இரட்டைக் கோபுரமும் ஆறு ஹீட் பைப்பும் இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறியும் உள்ள பெரிய கூலராகப் பார்த்து வாங்கினேன். சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் வெப்பம் கடத்தப் பூசியிருந்த பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்து மாட்டினேன். அடிப்பக்கத்து பிளாஸ்டிக் ஒட்டுத்தாளை உரிக்க மறக்கவில்லை, அது இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. கேஸ் எப்படியும் திறந்திருக்கிறதே என்று அன்றைக்கே பயாஸையும் (கணினியைத் தொடக்கி வைக்கிற, போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் செய்தேன்.

இப்போது நிலைமை இதுதான். சும்மா இருக்கும்போதே 45க்கும் 55க்கும் நடுவில் துள்ளுகிறது. சிபியுவிடம் முழு வேலை வாங்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை ஓடவிட்டால், பட்டனை அழுத்திய விரலை எடுப்பதற்குள் 100. வேகம் 5.3 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.2க்கு விழுந்துவிடுகிறது. பழைய கூலரில் இதே சோதனை பத்து நிமிடம் ஓடிய பிறகும் 86இல்தான் நிற்கும். அறை வெப்பம் அன்றும் இன்றும் 30தான்.

கூலரே பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

சத்தமில்லாவிசிறி

முதலில் விசிறியின் திசையைப் பாருங்கள். சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் தெரிகிற பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். இரண்டு விசிறியும் ஒரே திசையில், கேஸின் பின்பக்கத்தை நோக்கித் தள்ள வேண்டும். அவசரத்தில் ஒன்றைத் திருப்பி மாட்டிவிடுவது சகஜம்.

கணிமேசை

பார்த்துவிட்டேன், ஒரு துண்டு டிஷ்யூ தாளை வைத்தும் சோதித்தேன். முன்விசிறி தாளை இழுக்கிறது, பின்பக்கம் தள்ளுகிறது. திசை சரிதான்.

வெப்பக்கடத்தி

திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். நீங்கள் சொன்னதில் ஒரு முக்கியமான எண் இல்லை. 100 டிகிரியில் நிற்கும்போது சிபியு எத்தனை வாட் இழுக்கிறது? எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'சிபியு பேக்கேஜ் பவர்' என்ற வரியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், வாட் தெரியாமல் டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு கூலர் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. கூலர் கையில் ஒப்படைக்கப்படுவது வாட்தான். அதை அது எவ்வளவு சூட்டில் வெளியே தள்ளி முடிக்கிறது என்பதே டிகிரி. எனவே நான் எப்போதும் போடுகிற கணக்கு ஒன்றுதான்: சிபியு வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழியுங்கள், வந்ததை வாட்டால் வகுங்கள். ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்று தெரிந்துவிடும். கோருக்குக் கோர் சூடு மாறும் என்பதால் இது துல்லியமான கணக்கு இல்லை, ஆனால் பழுது எந்தப் பக்கம் என்று காட்டுவதற்கு இதுவே போதும்.

இரண்டாவது, எண் எவ்வளவு என்பதைவிட அது எப்படி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். சோதனையை நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பதையும் பாருங்கள். கேஸில் காற்றோட்டம் போதவில்லை என்றால் வெப்பம் சில நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறும். ஏனென்றால் கூலரின் உலோகம் முழுவதும் சூடாக வேண்டும், பிறகு கேஸுக்குள் இருக்கும் காற்று சூடாக வேண்டும். சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் தொடர்பே சரியில்லை என்றால் சில்லு மட்டும் கண் இமைக்கும் நேரத்தில் கொதித்துவிடும், நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்கிவிடும்.

மூன்றாவது, ஐந்து நிமிடம் ஓடிய பிறகு கூலரின் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். சுழலும் விசிறிக்குள் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட் பைப்பின் அடியில், அடித்தட்டுக்குப் பக்கத்திலும் தொட முடிந்தால் தொடுங்கள். மூன்றுக்கும் விடை எழுதுங்கள்.

பொறிப்பலகை

என்னைக் கேட்டால் அந்த பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு லிக்விட் மெட்டல் போடுங்கள். பத்து டிகிரியாவது குறையும்.

திருப்புளி

தயவுசெய்து இப்போது அதைச் செய்யாதீர்கள். லிக்விட் மெட்டலில் இருப்பது காலியம். அது அலுமினியத்தை அரித்துவிடும், அதனால் அலுமினிய அடித்தட்டு உள்ள கூலர்களில் போடவே கூடாது. மின்சாரமும் கடத்தும். ஒரு துளி வழிந்து சாக்கெட்டின் பக்கம் போனால் போர்டு போய்விடும். எங்கே பழுது என்று தெரிவதற்கு முன்னால் அதைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

அதோடு, நீங்கள் வைத்த சாதாரண பேஸ்ட் எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும் இப்படி ஒரு நொடியில் 100க்குத் தூக்காது. நல்ல பேஸ்ட்டுக்கும் சுமாரான பேஸ்ட்டுக்கும் வித்தியாசம் சில டிகிரிதான். இது வேறு ஏதோ.

கணிமேசை

வெப்பக்கடத்தி கேட்டவற்றைப் பார்த்தேன்.

வாட்: சோதனை தொடங்கும்போது ஒரு கணம் 200க்கு மேல் காட்டிவிட்டு, 100 டிகிரியைத் தொட்டதும் 130க்கு விழுந்து அங்கேயே நிற்கிறது.

ஏற்றம்: ஒரு நொடி, அதற்கும் குறைவாகக்கூட இருக்கலாம். நிறுத்தினால் அடுத்த நொடியே 54.

தொட்டது: தகடுகள் சில்லென்று இருக்கின்றன. பத்து நிமிடம் ஓடிய பிறகும் லேசான வெதுவெதுப்புதான். ஹீட் பைப்பின் அடியில் கொஞ்சம் சூடு, ஆனால் கையை எடுக்க வேண்டிய அளவு இல்லை. உள்ளே 100 டிகிரி கொதிக்கிறது, வெளியே இவ்வளவு குளிர்ச்சி. சென்சார்தான் தப்பாகக் காட்டுகிறதோ என்றுகூடத் தோன்றியது.

வெப்பக்கடத்தி

சென்சார் சரியாகத்தான் காட்டுகிறது. வேகத்தை 4.2க்கு இறக்கியது அந்த சென்சாரை நம்பித்தான். 13700கேயின் உச்ச வரம்பு 100 டிகிரி, அதைத் தொட்டால் சிபியு தானே வாட்டைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். 100இல் 30 போனால் 70. அதை 130ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.54 டிகிரி. நீங்கள் வாங்கிய அளவுள்ள இரட்டைக் கோபுரம் இதில் பாதிதான் காட்ட வேண்டும். தகடு குளிர்ந்து கிடக்கிறது என்றால் வெப்பம் கூலருக்குள் சரியாக ஏறவில்லை. விசிறி, காற்றோட்டம், கேஸ் எதையும் இனி சந்தேகப்பட வேண்டாம். அடித்தட்டுக்கும் சிபியுவின் மூடிக்கும் நடுவில்தான் கோளாறு.

திருப்புளி

அப்படியானால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றும்போது அவசரப்பட்டுத் துடைத்துவிடாதீர்கள். அந்த பேஸ்ட்டின் தடம்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகிற ஒரே சாட்சி. முதலில் போட்டோ எடுங்கள், அப்புறம் துடையுங்கள்.

கழற்றும் முறை: ஐந்து நிமிடம் ஏதாவது ஓடவிட்டு பேஸ்ட்டை இளக வையுங்கள். பிறகு கணினியை நிறுத்தி, மின்சார வயரையும் எடுத்துவிடுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். கூலரை நேராகப் பிடுங்காமல் இப்படியும் அப்படியும் லேசாகத் திருகி எடுங்கள். உங்கள் சாக்கெட்டில் சிபியுவைச் சட்டம் பிடித்திருக்கும், கூடவே வந்துவிடாது. (ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் கவனம். அதில் நேராக இழுத்தால் சிபியுவும் சாக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டு வரும், ஊசிகள் வளைந்துவிடும்.)

பார்க்க வேண்டியவை: பேஸ்ட் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எந்தப் பக்கம் தடித்திருக்கிறது, அடித்தட்டின் விளிம்பு போர்டில் உள்ள கப்பாசிட்டர் மீதோ பக்கத்து ஹீட்சிங்க் மீதோ உட்கார்ந்த அடையாளம் இருக்கிறதா.

அப்புறம் ஒரு கேள்வி. கூலர் பெட்டியில் ஸ்டாண்டாஃப் எத்தனை வகை இருந்தன? பின்தட்டின் மேல் நிற்குமே, குட்டைத் தூண் மாதிரி, அதைச் சொல்கிறேன்.

கணிமேசை

கழற்றினேன். போட்டோ எடுத்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

நடுவில் நான் வைத்த பேஸ்ட் முக்கால்வாசி வைத்த மாதிரியே மேடாக இருக்கிறது. உச்சி மட்டும் தட்டையாக நசுங்கி, ஒரு விரல் நுனி அகலத்துக்குப் பரவியிருக்கிறது. மூடியின் மூலைகளில் பேஸ்ட்டின் வாசனைகூட இல்லை, உலோகம் பளபளவென்று எழுத்துகளோடு தெரிகிறது. கூலரின் அடித்தட்டிலும் அதே அளவு வட்டம்தான். விளிம்பு எங்கும் இடித்த தடம் இல்லை.

ஸ்டாண்டாஃப் இரண்டு பைகளில் இருந்தன. ஒன்றில் எழுதியிருந்தது எல்ஜிஏ115எக்ஸ்/1200, இன்னொன்றில் எல்ஜிஏ1700, அதுதான் என் போர்டின் சாக்கெட். பைகளைக் கிழித்து மேசையில் கொட்டிவிட்டு வேலை பார்த்தேன். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. இப்போது பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், நான் மாட்டியவை நகக்கனம் உயரமாக இருக்கின்றன.

திருப்புளி

கிடைத்துவிட்டது.

எல்ஜிஏ1700இல் சாக்கெட்டும் சிபியுவும் சேர்ந்த உயரம் எல்ஜிஏ1200ஐவிடக் குறைவு, ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ளான வித்தியாசம்தான். திருகுத் துளைகளும் 75 மில்லிமீட்டர் சதுரத்திலிருந்து 78க்கு மாறின. துளை மாறினால் பொருந்தாது, உடனே தெரிந்துவிடும். ஆனால் இரண்டு சாக்கெட்டுக்கும் பொதுவான, நீள்துளை போட்ட பின்தட்டு வந்தால் பழைய ஸ்டாண்டாஃபும் அழகாக உட்கார்ந்துவிடும். உயரத்தை மட்டும் கண்ணால் பிடிக்க முடியாது.

நான் இதைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதக் காரணம், இந்தத் தவறு கைக்குத் தெரியாது என்பதுதான். திருகு அதன் அடிமட்டத்தைத் தொட்டதும் நின்றுவிடும். கைக்கு அது 'நன்றாக இறுகிவிட்டது' என்றுதான் படும். உண்மையில் திருகு இறுகியது தூணில், சிபியுவின் மேல் இல்லை. நான்கு மூலையிலும் அதே இறுக்கம் இருப்பதால் சந்தேகமும் வராது. உங்கள் கூலர் சிபியுவின் மேல் அழுந்தவே இல்லை, பேஸ்ட் மேட்டின் மேல் மிதந்துகொண்டிருந்தது.

இனி சரியான ஸ்டாண்டாஃப் நான்கையும் மாற்றுங்கள். மூடியையும் அடித்தட்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பேஸ்ட் கொஞ்சம் தாராளமாக, எக்ஸ் வடிவில் போடுங்கள். இந்த மூடி நீளவாக்கில் இருப்பதால் ஒற்றைப் பொட்டைவிட எக்ஸ் நன்றாக மூலைவரை போகும். கொஞ்சம் கூடினால் ஓரத்தில் பிதுங்கும், அவ்வளவுதான். குறைந்தால்தான் கெடுதல். திருகும்போது எதிரெதிர் மூலையாக, இரண்டிரண்டு சுற்றாகப் போங்கள். கூலரை ஒரு கையால் நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் பேஸ்ட் மறுபக்கம் ஓடிவிடும்.

கணிமேசை

மாற்றிவிட்டேன். திருகும்போதே வித்தியாசம் தெரிந்தது. முதல் தடவை திருகு விறுவிறுவென்று ஓடித் திடீரென்று நின்றது. இப்போது கடைசி மூன்று சுற்றில் ஸ்பிரிங் அமுங்கி எதிர்க்கிறது, பிறகுதான் நிற்கிறது.

சும்மா இருக்கும்போது 35, 36. இரண்டு நாளில் முதல் முறையாக நிம்மதி வந்தது. ஆனால் சினிபெஞ்ச் ஓடவிட்டேன். 80இல் தொடங்கி, மெதுவாக ஏறி, பத்தாவது நிமிடத்தில் 97. தகடுகள் இந்தத் தடவை நல்ல சூடு. வேகம் 5.3இலேயே நிற்கிறது, குறையவில்லை. ஆனாலும் 97! பழைய சின்ன கூலரிலேயே 86தானே இருந்தது? மறுபடியும் ஏதாவது தப்பாக மாட்டிவிட்டேனா?

வெப்பக்கடத்தி

வாட் எவ்வளவு?

கணிமேசை

253, 254.

வெப்பக்கடத்தி

அப்படியானால் மாட்டியது சரி. 97இல் 30 போனால் 67. அதை 253ஆல் வகுத்தால் 0.26. காலையில் 0.54 இருந்தது. அப்படியே பாதி. மெல்ல ஏறுவதும் தகடு சூடாவதும் இதற்குச் சாட்சி.

இப்போது பழைய 86க்கு வருவோம். அந்த 86 எத்தனை வாட்டில் வந்தது? எனக்குச் சந்தேகம், 125இல். 13700கேயின் அடிப்படை வாட் 125, உச்ச டர்போ 253. பயாஸில் பிஎல்1, பிஎல்2 என்று இரண்டு வாட் வரம்பு இருக்கும், முதலாவது நீண்ட நேரத்துக்கு, இரண்டாவது சிறிது நேரத்துக்கு. பிஎல்1 125 என்று வைத்திருந்தால் முதலில் ஒரு நிமிடத்துக்கு நெருக்கமாக வேகமாக ஓடிவிட்டு, பிறகு 125க்கு இறங்கிவிடும். பயாஸ் அப்டேட் செய்தீர்கள் அல்லவா? அப்போது நீங்கள் வைத்த அமைப்புகள் எல்லாம் அழிந்திருக்கும். வரம்பே இல்லாமல் 4096 என்று வைத்திருக்கும் போர்டுகள் நிறைய. சில போர்டுகள் அப்டேட்டுக்குப் பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது என்ன கூலர் என்று கேட்டு, நாம் சொல்கிற பதிலை வைத்து வரம்பை மாற்றும்.

ஆக நீங்கள் ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்தீர்கள். கூலரையும் மாற்றினீர்கள், அதன் தலையில் ஏற்றுகிற சுமையையும் மாற்றினீர்கள்.

கணிமேசை

ஆமாம், கேட்டது! பெட்டி வடிவப் படங்கள் மூன்று காட்டியது. பெரிய கூலர்தானே என்று கடைசியில் இருந்ததை அழுத்தினேன். பயாஸில் போய்ப் பார்த்தேன், இரண்டு வரம்பிலும் 4096 இருக்கிறது. பழைய அமைப்பில் பிஎல்1 125 என்று நான்தான் முதல் நாளே வைத்தேன், சுத்தமாக மறந்துவிட்டது.

வெப்பக்கடத்தி

நல்லது. அப்படியானால் பழைய கூலர்: 86இல் 30 போனால் 56. 125ஆல் வகுத்தால் 0.45. புது கூலர் 0.26. புது கூலரையும் அதே 125 வாட்டில் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என் கணக்குப்படி 63க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

அது முடிந்ததும் இரண்டு வரம்பையும் 180 என்று வைத்துப் பாருங்கள். இந்தச் சில்லில் கடைசி எழுபது வாட் தருகிற வேகம் சொற்பம், அந்த வாட் கொண்டுவருகிற சூடும் சத்தமும் அதிகம்.

பயாஸ் அப்டேட் செய்ததற்காக வருத்தப்படாதீர்கள். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்ட பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பயாஸ் வழியாகச் சில்லுக்குப் போகும் திருத்த நிரல்) வந்தது, செப்டம்பரில் 0எக்ஸ்12பி வந்தது. உங்கள் சில்லுக்கு அவை கட்டாயம் வேண்டும். பழைய பயாஸுக்குத் திரும்பவே கூடாது.

நீர்க்குழாய்

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எனக்கும் கிட்டத்தட்ட இதே கதை, ஆனால் 240 மில்லிமீட்டர் வாட்டர் கூலர். உங்களுக்கு ஏறியது மாதிரி ஒரு நொடியில் ஏறவில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் 95ஐத் தொடுகிறது. ரேடியேட்டர் விசிறி முழு வேகம், வெளியே வரும் காற்று மட்டும் குளிர்ச்சியாக இருக்கிறது. இரண்டு குழாயில் ஒன்று கை வைக்க முடியாத சூடு, இன்னொன்று அறை வெப்பத்தில்.

திருப்புளி

தண்ணீர் ஓடவில்லை, அல்லது மிக மெதுவாக ஓடுகிறது. நன்றாக ஓடினால் இரண்டு குழாய்க்கும் சில டிகிரி வித்தியாசம்தான் இருக்கும், கைக்குப் பெரிதாகத் தெரியாது. பம்ப் வயரை எந்த முனையில் செருகியிருக்கிறீர்கள்? சிபியு ஃபேன் முனையில் இருந்தால், போர்டு அதை விசிறி என்று நினைத்து வெப்பத்துக்குத் தகுந்தபடி வேகத்தைக் குறைக்கும். பயாஸில் அந்த முனையை எப்போதும் 100 சதவீதம் என்று வையுங்கள். பம்ப்பின் சுழற்சி எண்ணையும் பாருங்கள், பூஜ்ஜியம் காட்டினால் கணினியை உடனே நிறுத்துங்கள்.

ரேடியேட்டர் முன்பக்கமா மேல்பக்கமா? உள்ளே கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும், அது உயரமான இடத்தில் போய்ச் சேரும். அந்த உயரமான இடம் பம்ப்பாக இருக்கக் கூடாது, ரேடியேட்டரின் தலைப்பகுதியாகத்தான் இருக்க வேண்டும்.

பொறிப்பலகை

லிக்விட் மெட்டல் பற்றி நான் சொன்னது இங்கே பொருந்தாது என்று புரிகிறது. தொட்டுப் பார்க்கச் சொன்னது எனக்குப் புதிது. ஒரு சந்தேகம்: என் ரைசன் 7 7700எக்ஸ் ரெண்டரில் எப்போதும் 95இல் நிற்கிறது. கூலரைக் கழற்ற வேண்டுமா?

வெப்பக்கடத்தி

வேகம் குறையாமல் நிற்கிறது என்றால் கழற்ற வேண்டாம். அந்தத் தலைமுறை 95 வரை போய், அங்கே நின்றபடி எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவையும் எடுக்கும்படிதான் ஏஎம்டி வடிவமைத்தது. கூலரைப் பெரிதாக்கினால் வெப்பம் குறைவதைவிட வேகம் கொஞ்சம் கூடும். குளிர்ச்சிதான் முக்கியம் என்றால் பயாஸில் ஈகோ மோடை 65 வாட்டுக்கு வைத்துப் பாருங்கள்.

நீர்க்குழாய்

சிபியு ஃபேன் முனையில்தான் இருந்தது. 100 சதவீதம் வைத்ததும் பம்ப் 900இலிருந்து 2700 சுற்றுக்குப் போனது. இரண்டு குழாயும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு, அதே வேலையில் இப்போது 74. மிக்க நன்றி திருப்புளி அண்ணா.

கணிமேசை

125 வாட்டில்: 64. கணக்கிலிருந்து ஒரே ஒரு டிகிரி தள்ளி!

180 வாட்டில்: 78. சினிபெஞ்ச் மதிப்பெண் 30,300 இருந்தது 28,500 ஆனது. ரெண்டரில் அந்த வித்தியாசத்தை நான் உணரவே இல்லை. விசிறி 900 சுற்றுக்கு மேல் போகவில்லை, கதவைச் சாத்தினால் கணினி ஓடுகிறதா என்றே தெரியவில்லை. நான் கூலர் வாங்கியதே இதற்காகத்தான். 180இலேயே வைத்துவிட்டேன். பயாஸ் அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாக போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு பார்த்துத் திரும்ப வைக்க.

மிச்சமான நான்கு ஸ்டாண்டாஃபையும் பழைய பையில் போட்டு, மேலே '1700க்கு ஆகாது' என்று பெரிதாக எழுதி கூலர் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.